வெடிக்கும் முன் பதில் சொல்லும் கேப்பு: மின்னணு டெட்டனேட்டர் குறித்து ஒரு மதிப்பீடு

பாறையில் துளையிட்டு, மருந்து நிரப்பி உடைக்கும் வேலையில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். திரியைக் கொளுத்திவிட்டு ஒதுங்கி நின்ற காலத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தவன். துளைக்குள் இருக்கும் மருந்தை எழுப்பும் சிறு குப்பிதான் டெட்டனேட்டர், நாங்கள் அதைக் கேப்பு என்போம். அதில் மின்சாரத்தால் எழும் மின் டெட்டனேட்டரையும், அதன் பின் வந்த, குழாயில் ஓடும் அதிர்வலையால் எழும் அதிர்வுக்குழாய் டெட்டனேட்டரையும் ஆயிரக்கணக்கில் கையாண்டவன். கடந்த மூன்று ஆண்டுகளாக ஒரு திறந்தவெளிக் குவாரியிலும் ஒரு சுரங்கப்பாதைப் பணியிலும் மின்னணு டெட்டனேட்டரை மட்டுமே பயன்படுத்தி வந்ததில், அதன் நிறையையும் குறையையும் எழுதும் அளவுக்குப் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நான் பயன்படுத்திய இரண்டு தயாரிப்புகளும் அடிப்படையில் ஒன்றுபோலவே இயங்குகின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தைக் குறித்து எழுதாமல், வாங்க எண்ணுபவர்களுக்கு உதவும் வகையில் இந்தக் கருவி வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

விற்பனையாளர்கள் இதைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது துல்லியத்தை. துல்லியம் உண்மைதான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் வெடிவைக்கும் தொழிலில் எந்தக் கருவியையும் நான் அளப்பது வேறு ஒரு கேள்வியால்: துளைக்குள் இறக்கி மூடிய பிறகு, உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியுமா? இன்னும் வெடிக்காது என்று நினைத்தது முன்கூட்டியே வெடித்ததாலும், வெடித்து முடிந்தது என்று நினைத்தது பாறைக்குள் உயிரோடு கிடந்ததாலும் இத்தொழிலில் இறந்தவர்கள் ஏராளம். 400 ஆண்டுகளாக வந்த ஒவ்வொரு கருவியும் இந்தக் கேள்விக்குச் சிறிது சிறிதாகப் பதில் தேடியிருக்கிறது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான், பழைய கேப்பைவிடப் பல மடங்கு விலை கொடுத்து இதில் எதைப் பெறுகிறோம் என்பது புரியும்.

வெடிமருந்துக்கு முன் பாறையை நெருப்பால் உடைத்தார்கள். பாறை முகப்பில் விறகை அடுக்கி எரித்து, சூடேறிய பாறையில் விரிசல் விட்டபின் பெயர்த்தெடுப்பார்கள். சில இடங்களில் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. புகையும் வெப்பமும் ஆளைக் கொன்றன என்றாலும், என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1627 பிப்ரவரி 8 அன்று, இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா சுரங்கத்தில், காஸ்பர் வைண்டல் என்பவர் கருமருந்தால் பாறையை உடைத்தது பதிவாகியிருக்கிறது. சுரங்கத்தில் கருமருந்தைப் பயன்படுத்தியதற்கான மிகப் பழைய உறுதியான பதிவுகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அந்த நாளிலிருந்து, உடைக்கும் விசை பாறைக்குள்ளேயே மறைந்துகொண்டது.

மருந்தை நிரப்புவது அன்று பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அதற்கு நெருப்பைக் கொண்டு சேர்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. துளையில் மருந்தோடு ஒரு நீண்ட ஊசியைச் செருகி, அதைச் சுற்றி மண்ணைக் கெட்டித்து, பிறகு ஊசியை உருவிவிட்டால் நடுவில் ஒரு மெல்லிய வழி கிடைக்கும். மருந்துத்தூள் அடைத்த வைக்கோல் தண்டையோ வாத்து இறகின் தண்டையோ அந்த வழியில் செருகிப் பற்றவைப்பார்கள். இரும்பு ஊசி கல்லில் உரசித் தீப்பொறி எழுந்தால் மருந்து அங்கேயே வெடிக்கும் என்பதால் செம்பு ஊசிக்கு மாறினார்கள். தண்டு ஒருமுறை விரைந்து எரியும், மறுமுறை நின்று புகையும். அணைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்தவரின் முகத்தில் அது வெடிக்கும்.

இதைத் தாங்க முடியாமல் வழி தேடியவர் வெடிமருந்தோடு தொடர்பே இல்லாத ஒரு தோல் வணிகர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், டக்கிங்மில் என்ற ஊரில் வாழ்ந்த வில்லியம் பிக்ஃபோர்டு, கயிறு திரிப்பவர் இழைகளை முறுக்குவதைப் பார்த்து, முறுக்கும்போதே நடுவில் மருந்துத்தூளைச் சீராக விழவைத்தால் எரியும் வேகமும் சீராக இருக்குமே என்று எண்ணினார் என்பார்கள். இழைகளுக்கு நடுவே மருந்து, வெளியே ஈரம் புகாத பூச்சு, ஓர் அடி நீளம் எரிய ஏறத்தாழ 30 விநாடி: இதுதான் 1831-இல் அவர் காப்புரிமை பெற்ற பாதுகாப்புத் திரி. மூன்றே ஆண்டுகளில், 1834-இல் அவர் இறந்துவிட்டார். திரி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் உலகெங்கும் எரிந்தது. எத்தனை அடி வெட்டினால் எத்தனை நேரம் கிடைக்கும் என்று தொழிலாளி முதன்முதலாகக் கணக்கிட முடிந்தது அந்தத் திரியால்தான். இந்தத் துறையில் வந்த கருவிகளிலேயே அதிக உயிர்களைக் காத்தது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் பிக்ஃபோர்டின் திரியைச் சொல்வேன்.

அடுத்து வந்தது நைட்ரோகிளிசரின். 1847-இல் டுரின் நகரில் அதை உருவாக்கிய அஸ்கானியோ சொப்ரேரோ, அதன் விசையைக் கண்டு அஞ்சினார். கருமருந்தைப் போல நெருப்பு வைத்தால் இது ஒழுங்காக வெடிக்காது. எதிர்பாராத ஓர் அதிர்ச்சியில் வெடித்துவிடும். 1864 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் குடும்பத்தின் ஆய்வுக்கூடம் வெடித்து, ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் உட்படச் சிலர் இறந்தனர். 1866 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் ஒரு சரக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெட்டி வெடித்து ஒரு டசனுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே காலத்தில் சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்துக்கொண்டிருந்த நிறுவனம், 1867-இல் நைட்ரோகிளிசரினை மலைமேலேயே தயாரித்துக்கொள்ளும் வழிக்கு மாறியது. அந்தத் துளைகளை இட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படாமலே போயின என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நோபல் என்றால் எல்லோரும் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டைச் சொல்வார்கள். நைட்ரோகிளிசரினை ஒரு நுண்துளை மண்ணில் ஊறவைத்துக் கையாளத்தக்கதாக ஆக்கியது பெரிய காரியம்தான். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் கண்டுபிடித்த கேப்பு அதைவிடப் பெரியது என்பது என் கருத்து. சிறிய உலோகக் குப்பியில் அதிர்ச்சிக்கு உணர்வுள்ள பொருளைச் சிறிதளவு வைத்து, அதன் அடியால் பெரிய அளவு மருந்தை எழுப்பலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்கியது. எழுப்பும் பொருள் வேறு, எழும் பொருள் வேறு என்று பிரித்துவிட்டதால், பெரிய அளவில் கையாளும் மருந்தை மேலும் மேலும் அமைதியானதாக ஆக்கும் வழி திறந்தது. டைனமைட்டும் முழுக்க அமைதியானதாக இல்லை. நைட்ரோகிளிசரின் ஏறத்தாழ 13 பாகை செல்சியசில் உறைந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் குச்சிகளை அடுப்பருகே வைத்து இளக்கப் போய் இறந்தவர்கள் பலர்.

ஆபத்தில்லாத தொலைவில் நின்று, தாமே தேர்ந்த நொடியில் வெடிக்க வைக்கும் உரிமையை மின்சாரம் கொடுத்தது. மாசசூசெட்சில் ஹூசாக் மலையை 1851 முதல் 1875 வரை குடைந்த சுரங்கப்பாதை 190-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. நைட்ரோகிளிசரினும் மின்வழிப் பற்றவைப்பும் சேர்ந்து பெரிய அளவில் பழக்கத்துக்கு வந்த களங்களில் அதுவும் ஒன்று. பல துளைகளை ஒரே கணத்தில் எழுப்பியதால் பாறை சேர்ந்து பெயர்ந்தது. 1885 அக்டோபர் 10 அன்று நியூயார்க்கின் ஹெல் கேட் நீர்வழியில், ஃபிளட் ராக் என்ற பாறையை 120 டன்னுக்கும் மேற்பட்ட மருந்தால் தகர்த்தபோது, பொறுப்புப் பொறியாளர் ஜான் நியூட்டனின் சிறு மகள் மேரி ஒரு விசையை அழுத்தினாள்; ஆயிரக்கணக்கான துளைகள் ஒருங்கே எழுந்தன.

நொடி கைக்கு வந்தாலும் அறிவு இன்னும் வரவில்லை. மின் டெட்டனேட்டருக்குத் தனக்கு வரும் மின்சாரம் யாருடையது என்று தெரியாது. மின்னலும், தரையில் கசியும் மின்னோட்டமும், அருகில் உள்ள வானொலி ஒலிபரப்பியும் கூட அதை எழுப்பிவிடக்கூடும். தூரத்தில் இடி முழங்கினால் நிரப்பிய துளைகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஒதுங்க வேண்டும். மழை மாதங்களில் அப்படி எத்தனையோ மாலைகள் இழந்திருக்கிறோம். எந்தக் காரணத்தாலானாலும் முன்கூட்டிய வெடிப்பு என்ன செய்யும் என்பதற்குப் பனாமாக் கால்வாயின் பாஸ் ஒபிஸ்போ ஒரு சான்று: 1908 டிசம்பர் 12 அன்று, குறித்த நேரத்துக்கு முன்பே ஏறத்தாழ 20 டன் டைனமைட் வெடித்து 23 பேர் இறந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் மருந்து மாறியது. அம்மோனியம் நைட்ரேட் மிகவும் மந்தமானது என்று நம்பிய காலத்தில், 1921-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் அது கலந்து இறுகிக் கிடந்த உரக்குவியலைத் தளர்த்த அதற்குள் சிறு வெடி வைத்தார்கள். முன்பு பலமுறை செய்த வேலைதான், அந்த முறை குவியலே வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1947-இல் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் அதே உப்பை ஏற்றியிருந்த கப்பல் வெடித்து அதே அளவு உயிர்கள் போயின. 1950-களின் நடுவிலிருந்து அதை எண்ணெயோடு சேர்த்த கலவையும், பிறகு நீர்க்குழம்பும், அதன்பின் எண்ணெயும் நீர்க்கரைசலும் நுண்துளிகளாகக் கலந்த எமல்ஷனும் டைனமைட்டின் இடத்தைப் பிடித்தன. டைனமைட்டைப் பெருமளவில் தயாரித்துவந்த அமெரிக்காவின் ட்யூபாண்ட் நிறுவனமே 1970-களில் அதைத் தயாரிப்பதை நிறுத்தியது. மருந்து மந்தமாக ஆக ஆக, கேப்பின் பொறுப்பு கூடியது. தட்டினாலும் எழாத மருந்தை உரிய நேரத்தில் எழுப்பியாக வேண்டும். எழாமல் போனால், எழாமல் போனது தெரிய வேண்டும்.

1940-களில் வந்த மில்லி விநாடித் தாமதக் கேப்புகள் இன்னொரு பெரிய படி. எல்லாத் துளைகளும் ஒரே கணத்தில் எழுந்தால் நிலம் அதிரும். ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தால் முன்வரிசைப் பாறை விலகி, பின்வரிசைக்கு இடம் விடும். 8 மில்லி விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் அதிர்வைப் பொறுத்தவரை இரண்டு துளைகளைத் தனித்தனியாகக் கணக்கிடலாம் என்ற நடைமுறை விதி அந்த அனுபவத்திலிருந்து பிறந்து, இன்றும் பல இடங்களில் வழங்குகிறது. சுவீடனின் பெர்-ஆண்டர்ஸ் பெர்சன் உருவாக்கி, 1970-களில் சந்தைக்கு வந்த அதிர்வுக்குழாய், தவறி நுழையும் மின்சாரத்தின் அச்சத்தைப் பெரும்பாலும் நீக்கியது. உள்சுவரில் மெல்லிய மருந்துப்பொடி படிந்த பிளாஸ்டிக் குழாயில், விநாடிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் வேகத்தில் ஓர் அதிர்வலை ஓடுகிறது. எளிமையும் உறுதியும் கொண்ட அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதைச் சோதிக்க வழியில்லை. இணைப்பு சரியா என்று கண்ணால் பார்க்கலாம், கையால் இழுத்துப் பார்க்கலாம். துளைக்குள் குழாய் அறுந்திருந்தால் வெடித்த பிறகுதான் தெரியும். தாமதத்தை அளப்பது உள்ளே எரியும் ஒரு சிறு மருந்துத் தூண் என்பதால், குறித்த நேரத்திலிருந்து சில சதவீதம் விலகுவதும் இயல்பு. நீண்ட தாமதத்தில் அந்தச் சில சதவீதமே, பின்வரிசைத் துளை முன்வரிசைக்கு முந்திக்கொள்ளப் போதுமானது.

மின்னணு டெட்டனேட்டருக்குள் கணினியில் இருப்பது போன்ற ஒரு மின்னணுச் சில்லும், ஆற்றலைத் தேக்கி வைக்கும் ஒரு மின்தேக்கியும், ஒவ்வொன்றுக்கும் தனியான ஓர் அடையாள எண்ணும் இருக்கின்றன. துளையில் இறக்கியபின் கைக்கருவியை இணைத்தால், அது தன் எண்ணைச் சொல்கிறது. தனக்குள் பழுது இருந்தால் அதையும் சொல்கிறது. ஒவ்வொரு துளைக்கும் தேவையான தாமதத்தை 1 மில்லி விநாடி அளவில் பதிக்கலாம். வெடிக்கும் கட்டளை குறியீட்டு வடிவில், உரிய கருவியிலிருந்து வந்தால்தான் அது ஏற்கும். பழைய மின் கேப்பைப்போல வழியில் வந்த மின்சாரத்துக்கெல்லாம் எழாது. இடி முழங்கினால் ஒதுங்க வேண்டும் என்ற விதி மட்டும் இதற்கும் பொருந்தும். அதில் எந்தத் தளர்வும் கூடாது. கட்டளையை ஏற்றபின் ஒவ்வொன்றும் தன் ஆற்றலிலும் தன் கடிகாரத்திலும் இயங்குவதால், முன்வரிசை வெடித்துக் கம்பிகளை அறுத்தாலும் பின்வரிசை நேரம் தவறுவதில்லை.

முதல் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 90-க்குச் சற்றுக் கூடுதலான துளைகளை நிரப்பி, கெட்டித்து, இணைத்து முடித்த பின் கருவி ஒரு துளையைக் காட்டி, அங்கிருந்து பதில் இல்லை என்றது. மேலிருந்து பார்க்கக் கம்பியில் ஒரு குறையும் தெரியவில்லை. கெட்டிக்கும்போது விழுந்த கூரிய கல் கீழே கம்பியை வெட்டியிருக்க வேண்டும். அதே துளையில் காப்புக்காக வைத்திருந்த இரண்டாவது டெட்டனேட்டர் பதில் சொன்னதால், அதைக் கொண்டே எழுப்பினோம். அதிர்வுக்குழாய் நாட்களில் ஒரே கேப்போடு இது நடந்திருந்தால், மறுநாள் காலை துளையிடும் இயந்திரம் அந்த உயிருள்ள மருந்தின் மேலேயே போய் நின்றிருக்கக்கூடும். வேலையில் சேர்ந்த புதிதில் என்னோடு இருந்த ஒருவர் அப்படித்தான் பார்வையை இழந்தார். கருவியின் திரையில் அந்த ஒற்றை எண் சிவப்பாக ஒளிர்ந்தபோது, அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

துல்லியத்தின் பயனையும் குறைத்துச் சொல்லக்கூடாது. கற்கள் சீரான அளவில் உடைவதால் பெருங்கற்களை மறுபடி உடைக்கும் வேலை கண்கூடாகக் குறைந்தது. அரவை இயந்திரத்தில் கல் சிக்கி நிற்பதும் குறைந்தது. அதிர்வில் கிடைத்த பயன் இன்னும் தெளிவானது. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980-இல் வெளியிட்ட ஆய்வு, அதிர்வின் வேகத்தோடு அதன் அலைவெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. குறைந்த அலைவெண்ணில் பழைய பூச்சுச் சுவர்களுக்கு விநாடிக்கு 12.7 மில்லிமீட்டர், அதிக அலைவெண்ணில் 50 மில்லிமீட்டர் வரை என்று எல்லைகளைப் பரிந்துரைத்தது. இடைவெளிகளை மாற்றி அதிர்வின் அலைவெண்ணை மேலே தள்ள இந்தக் கருவியால் ஓரளவு முடிகிறது. சுரங்கப்பாதைப் பணியில் குடியிருப்புகளுக்கு அருகே சென்றபோது, ஒவ்வொரு துளையையும் தனி நேரத்தில் எழுப்பிப் பணியை நிறுத்தாமல் கடந்தோம்.

இனி குறைகள். இணைப்பியைத் தடித்த கையுறையோடு மூட முடியவில்லை. கையுறையைக் கழற்றிய விரல்கள் குளிரிலும் சேற்றிலும் பிழை செய்கின்றன. இரண்டு தயாரிப்புகளிலும் கம்பியின் உறை கருங்கல்லின் கூர்முனைக்குப் போதுமான தடிமன் இல்லை. நீர் ஊறும் துளைகளில் மின்கசிவு இருப்பதாகக் கருவி எச்சரிக்கும்போது, எந்தத் துளை என்று கண்டுபிடிக்க வரிசை வரிசையாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை அதற்கே இரண்டு மணி நேரம் போயிற்று. ஒரு நிறுவனத்தின் கேப்பு மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. ஆகவே ஒருமுறை வாங்கியவர் அவர்களிடமே கட்டுண்டு கிடக்க வேண்டும்; கைக்கருவி பழுதானால் மாற்று வரும்வரை வேலை நின்றுவிடும். எங்களுக்குக் கருவி கொடுத்தவர்கள் பயிற்சி என்ற பெயரில் ஒரே நாளில் திரையில் எதை அழுத்துவது என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். பிழைச்செய்தி வந்தால் அதன் பொருள் என்ன, அடுத்து என்ன செய்வது என்பதை நாங்களாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. எல்லாத் துளையும் பதில் சொல்லிவிட்டது என்பதால், வெடித்த பிறகு குவியலைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் இளைஞர்களிடம் தளர்கிறது. சில்லு பதில் சொன்னது என்றால் சில்லும் கம்பியும் நலம் என்றுதான் பொருள். அதைச் சுற்றியுள்ள மருந்து நீரில் கெட்டிருந்தாலும், முந்தைய துளையின் அழுத்தத்தில் செத்திருந்தாலும் அது சொல்லாது. வெடிக்கும் வரைதான் கருவிக்குக் கண் உண்டு. வெடித்த பின் நம் கண்தான். அதிர்வுக்குழாய் காலத்தில் கடைப்பிடித்த காத்திருப்பு நேரத்தையும், குவியலைப் பார்த்தபின்பே இயந்திரத்தை உள்ளே விடும் முறையையும் ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் வைத்திருக்கிறேன்.

கம்பியே இல்லாமல், பாறையை ஊடுருவும் காந்தச் சமிக்ஞையால் எழுப்பும் வகையும் சில நிலத்தடிச் சுரங்கங்களில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கையாண்டு பார்க்காததால் அதை இங்கே மதிப்பிடவில்லை.

யார் வாங்கலாம்? வீடுகளுக்கோ அணைக்கோ அருகில் வேலை செய்பவர்களும், ஒரே வெடிப்பில் நூறு துளைகளுக்கு மேல் இணைப்பவர்களும், சுரங்கப்பாதை குடைபவர்களும் தயங்க வேண்டியதில்லை. கேப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பது மறுஉடைப்பிலும் பணிநிறுத்தத்திலும் பெருமளவு திரும்பிவிடுகிறது. மாதம் ஓரிரு முறை, மக்கள் நடமாட்டமில்லாத இடத்தில், பத்து இருபது துளைகள் மட்டும் உடைப்பவர்களுக்கு நல்ல அதிர்வுக்குழாய் போதும். மிச்சமாகும் பணத்தைத் தேர்ந்த ஒரு வெடிப்பாளருக்குக் கூடுதல் சம்பளமாகக் கொடுப்பதே மேல். வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும்: களத்திலேயே இருக்கும் மாற்றுக் கைக்கருவி ஒன்று, பிழைச்செய்திகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டும் குறைந்தது ஒரு வாரப் பயிற்சி. தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது, கையுறையோடு மூடத்தக்க இணைப்பியையும், கருங்கல் துளையின் விளிம்பில் இழுத்தாலும் கிழியாத உறையையும்.